ஏ.எஃப்.பி. நார்மல், கல்லீரலில் கட்டி: ஆழ்கடல் மீனவர் ஒருவரின் நோயும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும்

நோயாளி 52 வயது ஆண். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தூத்தூர் பக்கத்துக் கிராமம். ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் போட்டில் டிரைவர். கொச்சியிலிருந்து கிளம்பினால் ஒரு மாதம், சில வேளை நாற்பது நாளும் தாண்டித்தான் கரை பிடிப்பார். வலது விலாப்புறத்திலிருந்து கீழே இறங்கும் வலியோடு வந்தார். கல்லடைப்பு என்று அவரே முடிவு கட்டியிருந்தார், அது சரியாகவும் இருந்தது. சிறுநீர்க் குழாயில் 5 மி.மீ. கல், சில நாளில் தானாக இறங்கிவிட்டது. ஆனால் கல்லைத் தேடிய அதே அல்ட்ராசவுண்டில் கல்லீரலின் ஆறாவது பகுதியில் 2.8 செ.மீ. அளவுள்ள கட்டி ஒன்று தெரிந்தது.

(குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முன்கதை

இருபத்தேழு வயதில் வளைகுடா வேலைக்காக மெடிக்கல் எடுக்கப் போன இடத்தில் "அன்ஃபிட்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காரணம் ஹெபடைடிஸ் பி. "ரத்தத்துல மஞ்சக்காமாலை கிருமி இருக்கு" என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஊருக்குத் தெரிந்தால் கல்யாணம் நடக்காது என்று பயந்து வீட்டிலும் மூச்சுவிடவில்லை. ஒரு மண்டலம் கீழாநெல்லி சாப்பிட்டார், கண் மஞ்சள் ஆகவில்லை, கிருமி போய்விட்டது என்று நம்பி கடலுக்குப் போனார்.

கீழாநெல்லியை நம்பியதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள், கீழாநெல்லி இனச் செடி ஒன்றைச் சாப்பிட்ட ஹெபடைடிஸ் பி நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்ததாக லான்செட் இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்த கட்டுரை அது. பின்னால் வெவ்வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. முதல் செய்தி ஊரெல்லாம் பரவியது, இரண்டாவது செய்தி வந்து சேரவே இல்லை.

குடும்பத்தில் மூத்த அண்ணன் நாற்பது வயதைத் தொடும் முன்பே மகோதரம் கண்டு இறந்திருக்கிறார். குடிதான் காரணம் என்று அப்போது எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நோயாளியின் மனைவி முதல் நாளே என்னிடம் கேட்டார்: "சாரே, அவருக்க அண்ணனுக்கும் வயறு வீங்கித்தான் போச்சு. அதும் இதுதானா?" இருக்கலாம் என்றுதான் சொல்ல முடிந்தது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு ஹெபடைடிஸ் பி உடம்பிலேயே தங்கிவிடும். வளர்ந்தபின் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் அப்படித் தங்கும். அண்ணன், தம்பி என்று ஒரே வீட்டில் பலருக்கு இருந்தால் தாய்வழித் தொற்றைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

இன்னொரு விவரமும் உண்டு, இந்த ஆய்வை எழுதத் தூண்டியதே அதுதான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பரிசோதனைக் கூடத்தின் 'முழு உடல் செக்கப்' பாக்கேஜில் அவர் ரத்தம் கொடுத்திருக்கிறார். அதில் புற்றுநோய் மார்க்கர் என்ற தலைப்பின் கீழ் ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றில் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம்) நார்மல் என்று அச்சாகியிருந்தது. வயிற்று ஸ்கேன் அந்தப் பாக்கேஜில் இல்லை. அந்தத் தாளை லாமினேட் செய்து, மீனவர் அடையாள அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்து, போகும் கடலுக்கெல்லாம் கொண்டுபோயிருக்கிறார். உப்புக் காற்றில் ஓரம் பழுத்த அந்த அட்டையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "இதுலயும் நார்மல், இப்பம் பாத்ததுலயும் நார்மல். பின்ன எப்படி சாரே கேன்சரு?"

பரிசோதனைகள்

பிலிருபின் 0.9, அல்புமின் 3.9, ரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.1. வயிற்றில் நீர் இல்லை, மூளைக் குழப்பம் இல்லை. கல்லீரல் எவ்வளவு தாங்குகிறது என்று மதிப்பிடும் சைல்ட்-பியூ கணக்கில் 5 புள்ளி, அதாவது ஏ வகுப்பு, இருப்பதிலேயே நல்ல நிலை. தட்டணுக்கள் 1,18,000. கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் 14.2 கிலோபாஸ்கல், கல்லீரல் ஏற்கெனவே இறுகிவிட்டது. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயில் சிறிய ரத்தநாளப் புடைப்புகள். ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. இல்லை. ஹெபடைடிஸ் பி டி.என்.ஏ. மில்லிலிட்டருக்கு 1.8 லட்சம் யூனிட். ஏ.எஃப்.பி. 6 நானோகிராம்.

மூன்று கட்ட சி.டி. ஸ்கேனில் ஐயத்துக்கு இடமில்லை. சாதாரணக் கல்லீரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகத்தான் வருகிறது. கல்லீரல் புற்றுக்கட்டி தமனி ரத்தத்தை உறிஞ்சி வளர்கிறது. அதனால் ஸ்கேனுக்கான சாய மருந்து செலுத்திய முதல் நொடிகளில் கட்டி மட்டும் பளிச்சென்று தெரியும். பிறகு சுற்றியுள்ள கல்லீரல் வெளுத்து வர, கட்டி மங்கிக் கறுக்கும். இவருக்கு இரண்டும் தெளிவாக இருந்தன, கட்டியைச் சுற்றி உறையும் தெரிந்தது. இறுகிய கல்லீரலோ நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யோ உள்ளவருக்கு இப்படித் தெரிந்தால் ஊசி போட்டுத் திசு எடுக்காமலே புற்றுநோய் என்று முடிவு செய்யலாம்.

கல்லீரல் புற்றுநோய் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு ஏ.எஃப்.பி. உயர்வதில்லை. கட்டி சிறியதாக இருக்கும்போது, அதாவது கண்டுபிடித்தால் பலன் உள்ள காலத்தில், அந்தப் பங்கு இன்னும் கூடுதல். ஏ.எஃப்.பி. கருவிலிருக்கும் குழந்தையின் கல்லீரல் சுரக்கும் புரதம். சில புற்றுச் செல்கள் அந்தப் பழைய வேலையைத் திரும்பத் தொடங்கும், சில தொடங்காது. இவருடைய கட்டி தொடங்காத ரகம்.

சிகிச்சை

அறுவை சிகிச்சையா, சூட்டுக்கோல் வைத்துக் கட்டியைச் சுடுவதா என்று கூடிப் பேசினோம். தட்டணு குறைவு, உணவுக்குழாய் புடைப்பு இரண்டும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடிவிட்டதைக் காட்டின. கட்டி 3 செ.மீ.க்குள் ஒன்றே ஒன்று. எனவே சுடுவது என்று முடிவெடுத்தோம், மைக்ரோவேவ் அப்லேஷன். வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை 300 மி.கி. அன்றே தொடங்கியாயிற்று. ஒரு மாதம் கழித்து எடுத்த சி.டி.யில் கட்டி இருந்த இடத்தில் ரத்த ஓட்டம் இல்லை. ஆறு மாதத்தில் வைரஸ் அளவிட முடியாத அளவுக்கு இறங்கியது.

மருந்தை நடுவில் நிறுத்தினால் வைரஸ் சீறி எழுந்து கல்லீரலையே முடக்கிவிடக்கூடும். கடலுக்குப் போகிற ஆளுக்கு இது தனிக் கவலை. ஒவ்வொரு தங்கலுக்கும் தேவையான மாத்திரையோடு கூடுதலாக ஒரு டப்பா, வீல் ஹவுசில் ஒரு பங்கும் துணிப்பையில் ஒரு பங்கும் என்று பிரித்து வைக்கச் சொன்னேன். தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலையில் தொடங்கியபின் பரிசோதனையும் மருந்தும் அரசு மையங்களில் இலவசம் என்பது இந்தக் குடும்பத்துக்கு அதுவரை தெரியாது.

மகளின் கேள்வி

நோயாளியின் மகள் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறார். 2024-ல் மருத்துவ நோபல் பரிசு மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்குக் கிடைத்ததை வகுப்பில் பேசியிருக்கிறார்கள். "மைக்ரோ ஆர்.என்.ஏ. டெஸ்ட் எடுத்திருந்தா அப்பாக்கு மூணு வருசம் முன்னாலயே தெரிஞ்சிருக்குமா சார்?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. அதற்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

நம் டி.என்.ஏ.வில் புரதம் செய்யும் குறிப்புகள் அடங்கிய பகுதி நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. மீதியிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. அவற்றில் சுமார் 22 எழுத்தே நீளமுள்ளவை மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள். 1993-ல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவரின் ஆய்வகங்களும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டன. புழுவின் விசித்திரம் என்றே பலர் ஒதுக்கினார்கள். 2000-ல் கண்ட லெட்-7 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ. மனிதனிடமும் இருப்பது தெரிந்தபிறகுதான் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

முதலில் நீளமாக உருவாகும் இழையை உட்கருவில் ட்ரோஷா என்ற நொதி வெட்டும். வெளியே வந்ததும் டைசர் இன்னொரு முறை வெட்டும். மிஞ்சும் 22 எழுத்துத் துண்டு ஆர்கோநாட் என்ற புரதத்தில் ஏறி உட்காரும். புரதம் செய்யும் குறிப்பைச் சுமந்துவரும் தூது ஆர்.என்.ஏ.க்களில் தன் எழுத்துகளோடு பொருந்துவதைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து புரதம் உருவாகாமல் தடுக்கும், அல்லது அதையே சிதைக்கும். நாஞ்சில் நாட்டு வயலில் மடை திறந்து அடைப்பவர் நீரைக் கொண்டுவருவதுமில்லை, பயிர் வைப்பதுமில்லை. எந்த வயலுக்கு எவ்வளவு என்பதை மட்டும் பார்த்துக்கொள்வார். மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் வேலையும் அந்த மாதிரிதான். ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களின் மடையைப் பார்க்கும்.

கல்லீரலின் மிர்-122

கல்லீரல் செல்லில் இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் சுமார் 70 சதவீதம் மிர்-122 என்ற ஒன்றே. மற்ற உறுப்புகளில் அது ஏறக்குறைய இல்லை. கொழுப்பு, கொலஸ்டிரால், இரும்பு என்று கல்லீரலின் அன்றாட வேலைகள் பலவற்றில் அதற்குப் பங்குண்டு. அதை நீக்கிய எலிகளுக்கு முதலில் கொழுப்புக் கல்லீரல், பிறகு வீக்கம், தழும்பு, கடைசியில் புற்றுநோய் வருவதை 2012-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. நாம் மனிதரிடம் ஆண்டுக்கணக்கில் பார்க்கும் அதே வரிசை. வைரஸ் எதுவும் கொடுக்காமல், மிர்-122-ஐ எடுத்ததால் மட்டுமே அது நடந்தது.

மனிதரின் கல்லீரல் புற்றுக்கட்டிகள் பலவற்றில் மிர்-122 குறைந்திருக்கிறது. குறைந்த கட்டிகள் பரவும் குணம் கூடியவையாக இருக்கின்றன. ஹெபடைடிஸ் பி இருந்தால் கதை இன்னும் நெருக்கமாகிறது. மிர்-122 குறைந்தால் சைக்ளின் ஜி1 என்ற புரதம் கூடும். அது பி53 என்ற காவல் புரதத்தை அடக்கும். பி53 அதுவரை வைரஸின் படியெடுப்பை மட்டுப்படுத்திக்கொண்டிருந்தது. இப்போது அந்தத் தடை தளரும். வைரஸ் பெருகும், பெருகும் வைரஸ் மிர்-122-ஐ இன்னும் குறைக்கும்.

ஹெபடைடிஸ் சி-க்கு நேர்மாறு. அந்த வைரஸ் பெருகுவதற்கே மிர்-122 வேண்டும் என்று 2005-ல் தெரியவந்தது. மிர்-122-ஐக் கட்டிப்போடும் மிராவிர்சென் என்ற ஊசியால் நோயாளிகளின் ரத்தத்தில் வைரஸ் குறைந்ததை 2013-ல் வெளியிட்டார்கள். ஒரே துணுக்கு ஒரு வைரஸுக்குத் துணை, இன்னொன்றுக்குத் தடை. மைக்ரோ ஆர்.என்.ஏ.வை நல்லது, கெட்டது என்று பெயர்சூட்டி எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த உதாரணம்தான் நினைவுக்கு வரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மிர்-21 கட்டிகளில் கூடுகிறது. அது பி-டென் என்ற தடுப்புப் புரதத்தைக் குறைத்து வளர்ச்சிக்கு வழிவிடுகிறது (2007). மிர்-221 கூடினால் செல் பிரிவதை நிறுத்தும் பி27 குறைகிறது. மிர்-26 குறைந்த நோயாளிகள் குறைந்த காலமே பிழைத்தார்கள், ஆனால் இன்டர்ஃபெரான் என்ற மருந்து அவர்களுக்குத்தான் கூடுதலாக உதவியது (2009). பிவி ஆர்.என்.ஏ., டி.ஆர்.என்.ஏ. துண்டுகள் போன்ற பிற சிறு ஆர்.என்.ஏ.க்கள் பற்றியும் ஆய்வுகள் வருகின்றன. சிகிச்சை முடிவெடுக்கும் நிலைக்கு அவை இன்னும் வரவில்லை.

ரத்தத்தில் அளந்தால்

ஆர்.என்.ஏ. எளிதில் சிதையும். ஆனால் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் நுண்குமிழிகளுக்குள்ளோ ஆர்கோநாட் புரதத்தோடு ஒட்டியோ இருப்பதால் ரத்தத்தில் தாக்குப்பிடிக்கும். 2011-ல் சீன ஆய்வாளர்கள் 934 பேரின் பிளாஸ்மாவை ஆராய்ந்து, ஏழு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் தொகுப்பு சிறிய கட்டிகளையும் நன்றாகவே பிரித்துக் காட்டுவதாக எழுதினார்கள். மிர்-122, மிர்-21, மிர்-26ஏ எல்லாம் அதில் உண்டு. ஏ.எஃப்.பி. உயராத நம் நோயாளி போன்றவர்களுக்கு இது பெரிய நம்பிக்கை.

நானும் அந்த நம்பிக்கை உள்ளவன்தான். மாதக்கணக்கில் கடலில் இருக்கும் ஒருவருக்கு ஒரு குழாய் ரத்தம் போதும் என்றால், அதைவிடப் பொருத்தமான வழி வேறில்லை. ஆனால் மகளுக்கு நான் இரண்டு சிக்கல்களைச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒன்று, கட்டிக்குள் மிர்-122 குறைகிறது; ரத்தத்திலோ அது கூடவும் கூடும். கல்லீரல் செல் எதனால் உடைந்தாலும் உள்ளே இருக்கும் மிர்-122 வெளியே கொட்டும். மது, கொழுப்பு, பாராசிட்டமால் மிகுதி, வைரஸின் சீற்றம், எதுவும் போதும். உயர்ந்த எண் புற்றைக் காட்டுகிறதா, புண்பட்ட கல்லீரலைக் காட்டுகிறதா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தொகுப்பாக அளப்பதே இதனால்தான். அந்தத் தொகுப்பும் ஒவ்வொரு ஆய்வில் ஒவ்வொன்றாக இருக்கிறது.

இரண்டாவது சிக்கலை அவருக்கு லேபில் நேராகவே காட்டினேன். கடற்கரைக் கிராமத்தில் காலையில் எடுத்து, வெயிலில் பைக் பெட்டியில் குலுங்கி, மத்தியானம் வந்துசேர்ந்த ஒரு குழாய். சுழற்றி எடுத்ததும் மேலே நிற்கும் பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். லேசான இளஞ்சிவப்பாக இருந்தது. சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன. சிவப்பணுவுக்குள் மிர்-451, மிர்-16 மண்டிக் கிடக்கும். மற்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைப் பல ஆய்வுகள் மிர்-16-ஐ அளவுகோலாக வைத்தே ஒப்பிட்டிருக்கின்றன. குழாய் குலுங்கியதாலேயே அளவுகோல் நீண்டுவிட்டால் மற்ற எண்கள் எல்லாம் தவறாகும். பெரிய ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில் எடுத்த ரத்தத்தில் கிடைத்த துல்லியம், தூத்தூரில் எடுத்து அனுப்பிய ரத்தத்திலும் கிடைக்குமா என்பதை யாராவது இங்கேயே செய்து பார்த்தால்தான் தெரியும். அந்த வேலையை நம் மாவட்டத்திலேயே தொடங்கலாம். அவர் படிக்கிற படிப்புக்கு ஏற்ற வேலையும்கூட.

எனவே நோயாளியின் கட்டியிலோ ரத்தத்திலோ நாங்கள் மைக்ரோ ஆர்.என்.ஏ. எதையும் அளக்கவில்லை. அளந்திருந்தாலும் சிகிச்சை மாறியிருக்காது. மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு வேண்டியிருந்தது ஒரு வயிற்று அல்ட்ராசவுண்ட். ஹெபடைடிஸ் பி உள்ள ஆண் நாற்பதைத் தாண்டினாலே, பெண் ஐம்பதைத் தாண்டினாலே, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் வேண்டும். கல்லீரல் இறுகியிருந்தாலோ குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் இருந்தாலோ வயது பார்க்கவே கூடாது. புதிதாக எந்த ரத்தப் பரிசோதனை வந்தாலும், அதில் 'நார்மல்' என்று வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கட்டி இருந்தது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். லாமினேட் செய்த அந்தத் தாளைக் கொடுத்தவர்கள் இந்த ஒரு விவரத்தை அச்சடித்திருந்தால் அவர் அன்றே ஸ்கேனுக்குப் போயிருப்பார்.

மருந்தாக

"ஊசியா குடுக்க முடியாதா சாரே?" இது நோயாளியின் கேள்வி. முயன்றிருக்கிறார்கள். மிர்-26ஏ-வை ஒரு பாதிப்பில்லாத வைரஸில் ஏற்றி, கல்லீரல் கட்டி உள்ள எலிகளுக்குக் கொடுத்தபோது கட்டிகள் கட்டுப்பட்டன (2009). மிர்-34ஏ-வைக் கொழுப்புத் துளியில் பொதிந்த எம்.ஆர்.எக்ஸ்-34 என்ற மருந்து 2013-ல் மனிதரிடம் சோதனைக்கு வந்தது. முதலில் கல்லீரல் புற்று நோயாளிகளைத்தான் சேர்த்தார்கள். சிலரின் கட்டி சுருங்கியது. ஆனால் நோயெதிர்ப்பு மண்டலம் தாறுமாறாகக் கிளர்ந்து நான்கு பேர் இறந்தார்கள். 2016-ல் சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

இத்தனைக்கும், சிறு ஆர்.என்.ஏ.வைக் கொண்டுசேர்க்க உடம்பிலேயே சுலபமான உறுப்பு கல்லீரல்தான். 2018-ல் அங்கீகாரம் பெற்ற பாட்டிசிரானும் 2019-ன் கிவோசிரானும் கல்லீரலுக்குப் போய் வேலை செய்யும் சிறு ஆர்.என்.ஏ. மருந்துகளே. அவை குறிவைப்பது மற்ற நோய்களை. அங்கே ஒரு மரபணுவை அடக்கினால் போதும். புற்றில் நூற்றுக்கணக்கான மடைகளைத் தொடும் ஒன்றைக் கொடுக்கிறோம், அது கட்டியோடு நிற்பதில்லை.

தொடர் கவனிப்பு

முதல் சிக்கல் நாள்குறிப்பதுதான். "ஆறு மாசம்னு சொன்னா எப்பம் கரையில இருப்பேன்னு எனக்கே தெரியாது" என்றார். பஞ்சாங்கத்தை எடுத்துவைத்துப் பார்த்தோம். மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கிறிஸ்துமஸுக்கு எந்த போட்டும் கடலில் நிற்காது. ஜூனும் டிசம்பரும்: சரியாக ஆறு மாத இடைவெளி. அந்தக் கரையில் ஹெபடைடிஸ் பி உள்ள எல்லாருக்கும் இப்போது இந்த இரண்டு மாதங்களையே எழுதிக் கொடுக்கிறேன்.

இரண்டாவது டிசம்பர் ஸ்கேனில் எட்டாவது பகுதியில் 1.4 செ.மீ. அளவில் புதிய கட்டி. ஏ.எஃப்.பி. அப்போதும் ஏறவில்லை. ஒரு முறை சுட்டுவிட்டால் தீர்ந்தது என்று இந்த நோயில் சொல்ல முடியாது. ஐந்து ஆண்டுக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வரும். இரண்டாம் முறை அப்லேஷன் செய்தோம், மறுநாள் வீடு திரும்பினார். மேலும் வந்தால் கல்லீரல் மாற்று பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும் என்று குடும்பத்திடம் சொல்லியிருக்கிறேன். கட்டியின் அளவும் எண்ணிக்கையும் அதற்கான வரம்புக்குள்ளேயே இருக்கின்றன.

குடும்பத்தில் எல்லாருக்கும் ரத்தம் பார்த்தோம். மனைவிக்குத் தொற்று இல்லை, தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்று. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாடு முழுக்கப் பொதுத் திட்டத்தில் 2011-ல்தான் வந்தது. இவர்களின் பிள்ளைகள் அதற்கு முன்பே பிறந்தவர்கள். மகனுக்கும் மகளுக்கும் தொற்று இல்லை. அவர்களுக்கும் ஊசி போட்டோம். தம்பிக்கு இருந்தது. அவரும் போட்டில் போகிறவர், 46 வயது, ஒரு தொந்தரவும் இல்லை, வரவே மறுத்தார். அண்ணன்தான் போன் போட்டு, "நீ வரலேன்னா நான் கடலுக்குப் போகமாட்டேன்" என்று சொல்லி வரவழைத்தார். ஸ்கேனில் கட்டி இல்லை. கல்லீரல் லேசாக இறுகத் தொடங்கியிருந்தது, வைரஸும் மருந்து தொடங்க வேண்டிய அளவில் இருந்தது. அன்றே டெனோஃபோவிர் ஆரம்பித்தோம். ஜூனுக்கு அண்ணனோடு ஒரே நாளில் ஸ்கேன்.